தை அனுஷத்தன்று போன் யார் கையில்

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடத்திக் கொடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் அவ்வப்போது என்னைப் பார்க்க வருகிறார்கள். சமையலைப் பற்றியோ சாஸ்திரத்தைப் பற்றியோ அவர்கள் என்னிடம் கேட்பதில்லை. அதற்கெல்லாம் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் கேட்பது ஒன்றைத்தான்.

"சார், போன் எடுக்க, மெசேஜுக்குப் பதில் போட ஒரு ஆள் வைக்கலாம்னு இருக்கேன். வெர்ச்சுவல் அசிஸ்டன்ட்னு சொல்றாங்க, அவங்கவங்க வீட்டுல இருந்தே வேலை பார்ப்பாங்களாம். எப்ப வைக்கலாம் சார்?"

கட்டுப்படியாகும் காலம் வரட்டும் என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். கட்டுப்படியாகாமல் வைக்க முடியாது, அது உண்மைதான். ஆனால் எனக்குக் கட்டுப்படியான பிறகும் ஏழு வருடம் வைக்காமல் இருந்தேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மற்றக் கல்யாணத் தொழில்காரர்களுக்கு ஆடி உண்டு, மார்கழி உண்டு. பந்தல்காரர் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு ஊருக்குப் போவார். நமக்கு அது கிடையாது. பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாளில்தான் அறுபதாம் கல்யாணம். மனிதர்கள் எல்லா மாதமும் பிறந்திருக்கிறார்கள். ஆகவே "வேலை குறையட்டும், ஒரு ஆளைப் பழக்கிக்கொள்ளலாம்" என்று நினைத்தால் அந்த வேலை குறையவே குறையாது. நான் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

நான் தொழில் தொடங்கியபோது வீட்டுக் கூடத்தில் ஒரு போன் இருந்தது. கறுப்புப் போன். அதன்மேல் மரகதம் பூ வேலை செய்த துணி ஒன்றைப் போட்டு வைத்திருப்பாள். மரகதம் என் மனைவி. விடிவதற்கு முன்பே நான் மண்டபத்துக்குப் போய்விடுவேன். போன் வீட்டில் அடிக்கும். இட்லி மாவு அப்பிய கையோடு அவள் ஓடிவந்து எடுப்பாள். "சொல்லுங்க, எந்த ஊருலேந்து பேசுறீங்க?" என்றுதான் தொடங்குவாள். பத்து மணிக்கு நான் பலகாரம் சாப்பிட வரும்போது வரிசையாக ஒப்பிப்பாள். "திருச்சி, ஐப்பசி ஸ்வாதி, நாப்பது பேரு, மாமிக்கு முட்டிவலி, தரையில உட்கார மாட்டாங்க, நாற்காலி வேணும்." நான் கேட்டிருந்தால் ஐப்பசி ஸ்வாதியும் நாற்பது பேரும் கிடைத்திருக்கும். முட்டிவலி கிடைத்திருக்காது. சாம்பார் தாளிக்கும் வாசனையும் அந்தக் குரலும் சேர்ந்ததுதான் இன்றைக்கும் எனக்கு அந்தக் காலத்துத் தொழில். அப்போது அதற்கு உதவியாளர் என்று பெயர் வைக்க எங்களுக்குத் தெரியவில்லை.

பிறகு செல்போன் வந்தது. மரகதத்துக்கு விடுதலை என்று நினைத்து வாங்கினேன். இடுப்பில் ஒரு உறை போட்டு மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து வாடிக்கையாளர் எல்லாரும் என் இடுப்பில் குடியேறினார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர் உண்டு. பெயரைச் சொல்ல வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவர் சொல்வார்: "முதல்ல நட்சத்திரத்தைக் கேளு. அப்புறம் அம்மா இருக்காங்களான்னு தெரிஞ்சுக்கணும், ஆனா அதை மட்டும் வாயால கேட்டுடாதே. பெரியவங்க தம்பதியா எப்பக் கிளம்பி வர்றாங்கன்னு கேளு. பதில் தானா வரும். வந்த பதிலை மறந்துடாதே." கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கேட்டதை யாராவது மறப்பார்களா என்று நினைத்தேன்.

ஒருநாள் மண்டபத்து வாசலில் இலைக்கட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பையன். அப்பாவுக்குச் சடங்கு, ஏற்கெனவே ஒருமுறை பேசியிருக்கிறான். நான் எண்ணிக்கையை விடாமல் கேட்டேன்.

"எல்லாம் முடிவாயிடுச்சு தம்பி. அம்மாவுக்குப் புடவை மட்டும் என்ன கலர்னு சொல்லிடுங்க."

லைன் போய்விட்டது என்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்றேன்.

"சார், போன வாரமே சொன்னேனே. அம்மா இல்லைங்க. கடல் வந்த வருஷம் போயிட்டாங்க. அப்பாவுக்கு மட்டும் ஆயுள் ஹோமம்னு நீங்கதானே சொன்னீங்க."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறந்திருப்பேன். அந்த 'இல்லைங்க'வை அவன் இரண்டாவது முறையாக என்னிடம் சொல்ல வேண்டியிருந்தது. இலைக்கட்டை மறுபடி முதலிலிருந்து எண்ணினேன், இரண்டு முறையும் வேறு வேறு கணக்கு வந்தது.

தம்பிகளே, தங்கைகளே, ஆள் வைப்பதற்கு அடையாளம் இதுதான். ஒரு நாளைக்கு எத்தனை போன் வருகிறது என்று எண்ணாதீர்கள். ஒருவர் ஏற்கெனவே சொன்னதை அவரிடமே மறுபடி கேட்டீர்களானால், அன்றைக்கே ஆள் வைக்கும் நாள் வந்துவிட்டது.

எனக்கு வந்தது. நான் வைக்கவில்லை. என் குரலுக்காகத்தானே கூப்பிடுகிறார்கள், வேறொருவர் எடுத்தால் பக்கத்துத் தெருக்காரரிடம் போய்விடுவார்களே என்று ஒரு பயம். வருகிற ஆள் தொழிலைக் கற்றுக்கொண்டு தனிக்கடை போட்டுவிட்டால் என்று இன்னொரு பயம். எனக்குப் பயங்கள் அதிகம். அவற்றையும் எண்ணி வைத்திருப்பேன்.

கடைசியில் முடிவு செய்தது மரகதம். எனக்கு அறுபது முடியும் வருடம் அது. தை மாதம், அனுஷம். ஊருக்கெல்லாம் நட்சத்திரம் பார்த்தவன் என்னுடையதைப் பார்க்கவில்லை. அவள்தான் ஆவணி மாதமே பஞ்சாங்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க, அன்னைக்கு உங்க போன் எங்க இருக்கும்?"

"எங்க இருக்கும், இடுப்புலதான்."

"கலசத் தண்ணி ஊத்தின ஈர வேட்டியில இடுப்புல எங்க சொருகுவீங்க? அறுபது முடிச்ச கையோட ஷாக் வாங்கிக்கப் போறீங்களா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நம்ம பொண்ணு கல்யாணத்துல தாலி கட்டுற நேரத்துல சிங்கப்பூர்காரங்ககிட்ட பேசிக்கிட்டு நின்னீங்க. மேளச் சத்தத்துல கேட்கலைன்னு தூணுக்குப் பின்னால போனீங்க. சரி, பொண்ணுக்கு மாப்பிள்ளை கட்டினாரு. இப்ப எனக்கு நீங்கதான் கட்டணும். அப்ப எந்த ஊருகூட பேசுவீங்க?"

"அதெல்லாம் பேசமாட்டேன்."

"அடிச்சா எடுத்துடுவீங்க. எனக்கு உங்களைத் தெரியாதா? போனை யார்கிட்டயாவது குடுங்க. இல்லேன்னா நான் அன்னைக்கு மணையில உட்காரலை. நீங்க மட்டும் ஆயுள் ஹோமம் பண்ணிக்கங்க."

நாகப்பட்டினத்துப் பையனைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தேன். அதைத் தெரிந்துதான் சொன்னாள். அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டேன்.

ஓசூரில் இருக்கும் என் மகள் ஆள் பார்த்துக் கொடுத்தாள். அவளோடு முன்பு வேலை பார்த்த பெண், பெயர் ரேவதி. குழந்தை பிறந்த பிறகு திருப்பூரில் வீட்டிலிருந்தபடியே ஒரு நூல் வியாபாரிக்கும் ஒரு பல் டாக்டருக்கும் போன் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் பேசும்போதே, "பேரே நட்சத்திரமா இருக்கே அம்மா" என்றேன். "ஆனா என்ற நட்சத்திரம் ரேவதி இல்லீங்கய்யா, பரணிங்க" என்றாள். சரி, இந்தப் பெண்ணுக்கு நட்சத்திரமாவது தெரிகிறதே என்று ஒரு ஆறுதல்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்பவற்றை மட்டும் முதலில் கொடுத்தேன். மாயவரத்துக்கு எந்த ரயில், அறையில் வெந்நீர் வருமா, மண்டபத்தில் எத்தனை பேர் உட்காரலாம். நட்சத்திரம் பார்ப்பதும், 'தம்பதியா' என்று கேட்பதும் என்னிடம் இருந்தன. பிறகு நட்சத்திரத்தையும் கொடுத்தேன். ஒரே மாதத்தில் இரண்டு முறை வந்தால் இரண்டாவதை எடுக்க வேண்டும் என்பதை அவள் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள்.

நம்பினேனா என்றால், இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கி வந்து ஒருநாள் குரலை மாற்றிக் கூப்பிட்டேன்.

"நான் பெங்களூருலேருந்து பாஸ்கரன் பேசுறேன். எங்க அண்ணனுக்கு அறுபது..."

"சொல்லுங்க சார். அண்ணா நட்சத்திரம் என்னங்க?"

"கேட்டை."

"மாசமுங்க?"

"மாசி."

"சரிங்க சார். குறிச்சுக்கிட்டேனுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏனுங்கய்யா, சளி பிடிச்சிருக்குங்களா? குரல் ஒரு மாதிரி இருக்குது."

மரகதம் அடுப்படியில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு நான் வீட்டில் 'பாஸ்கரன் சார்' ஆகிவிட்டேன்.

இனி, நடந்த தவறைச் சொல்கிறேன். மார்கழி மாதம். ஒரு எண்பதாம் கல்யாணம். முதல் நாள் சாயங்காலமே சாமான்களைச் சரிபார்க்கும் பொறுப்பு ரேவதியிடம் இருந்தது. சமையல் மாஸ்டரிடம் அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் குரல் பதிவாகப் பதில் அனுப்பியிருக்கிறார். வெல்லம் இருக்கு, நெய் இருக்கு, தேங்காய் இருக்கு, பச்சரிசி நிறைஞ்சிருக்கு.

எங்கள் பக்கத்தில் அரிசி தீர்ந்துபோனால் இல்லை என்று வாயால் சொல்லமாட்டோம். உப்பு, மஞ்சள், அரிசி இவற்றை இல்லை என்று சொன்னால் வீட்டில் இல்லாமலே போய்விடும் என்று ஒரு எண்ணம். நிறைந்திருக்கிறது என்போம். கேட்பவருக்குப் புரிந்துவிடும். மாஸ்டர் சுப காரியத்துக்குச் சாமான் கணக்கு கொடுக்கிறார். அவர் வேறு எப்படிச் சொல்வார்? ரேவதி வளர்ந்த வீட்டில் அரிசி தீர்ந்தால் தீர்ந்துவிட்டது என்றுதான் சொல்வார்களாம். அவள் தாராளமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

விடிகாலையில் சடங்கு செய்துவைக்கும் வாத்தியார் கலசங்களை வரிசையாக வைக்க, அடியில் பரப்பப் பச்சரிசி கேட்டார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். ஊரைச் சுற்றி நாலாபக்கமும் சம்பா கதிர் தலை சாய்ந்து நிற்கிறது, மண்டபத்தில் ஒரு படி பச்சரிசி இல்லை. கடை திறக்க இரண்டு மணி நேரம் இருந்தது.

யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் நான் யாரையாவது திட்டியிருப்பேன். மார்கழி ஆனதால் தெருவில் பெண்கள் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மரகதம் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "சதாபிஷேகத்துக்கு அரிசி" என்று மட்டும் வாசல் வாசலாகச் சொன்னாள். பதினோரு வீடு. ஒரு வீட்டில் வெள்ளையாக, ஒரு வீட்டில் பழுப்பாக, ஒரு வீட்டில் குருணையோடு. எல்லாம் ஒன்றாகக் கலந்து கலசத்துக்கு அடியில் போய்விட்டது. எண்பது வயதுப் பெரியவரின் மகள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "தெருவே சேர்ந்து அரிசி குடுக்கறது இந்த ஊர் வழக்கமா சார்? எவ்வளவு நல்லா இருக்கு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆமாம் என்றேன். அவள் சொல்லிக் கேள்விப்பட்டு, அதற்குப் பிறகு மூன்று குடும்பங்கள் அந்த வழக்கத்தையும் சேர்த்துச் செய்து தரும்படி கேட்டன.

வீட்டுக்கு வந்ததும் ரேவதியைக் கூப்பிட்டேன்.

"அரிசி நிறைஞ்சிருக்குன்னா இல்லேன்னு அர்த்தம் அம்மா!"

"ஏனுங்கய்யா, அப்ப நெறைய இருந்துச்சுன்னா என்னன்னு சொல்வீங்க?"

"இருக்குன்னு சொல்வோம்."

"அப்ப மண்டபம் நிறைஞ்சிருக்குன்னு சொல்றீங்களே, அது?"

"அதுக்கு இடம் இல்லேன்னு அர்த்தம்."

"அதுவும் இல்லைதானுங்களே." ஒரு நொடி யோசித்தாள். "சரிங்கய்யா. இனிமேல் நீங்க நிறைஞ்சிருக்குன்னு சொன்னாலே இல்லேன்னு எடுத்துக்கறேனுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டு மரகதத்திடம், "இந்த மாசத்தோட நிறுத்திடலாம். என் போனை நானே பார்த்துக்கறேன்" என்றேன்.

"பார்த்துக்கங்க. தை அனுஷத்துக்கு இன்னும் எத்தனை நாளுன்னு எண்ணியாச்சா?"

எண்ணியிருந்தேன். இருபத்திநாலு.

"உங்க பேச்சு எனக்குப் புரியவே எத்தனை வருஷம் ஆச்சு? சாப்பாடு எப்படி இருக்குன்னு கேட்டா 'ம்' னு சொல்வீங்க. அது நல்லாருக்குன்னு ஒரு 'ம்', உப்பு இல்லேன்னு ஒரு 'ம்'. அந்தப் பொண்ணுக்கு நாலு மாசம்தான் ஆகுது. நீங்க சொல்லிக் குடுத்ததுல ஒண்ணாவது அது தப்பு பண்ணுச்சா?"

நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூட அவள் தவறவில்லை. நான் சொல்லிக்கொடுக்காததில்தான் தவறினாள். அது சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியாது. உங்களுக்குள்ளும் அப்படி நிறைய இருக்கும். தவறு நடந்தால்தான் அது வெளியே வரும். ஆகவே தவறு நடக்க இடம் இருக்கும்போதே ஆளை வையுங்கள். ஆவணியில் வைத்ததால் எனக்கு மார்கழியில் தெரிந்தது. தை மாதம்தான் வைத்திருந்தால் என் கலசத்துக்கு அடியில் அரிசி இருந்திருக்காது. நான் நிறுத்தவில்லை.

தை அனுஷத்தன்று விடியுமுன் என் எண்ணுக்கு வரும் போன்களையெல்லாம் ரேவதிக்குப் போகும்படி மகள் மாற்றிவிட்டாள். போனை வாங்கி, அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை மரகதத்தின் கொத்தில் கோத்துவிட்டாள்.

மண்டபத்தில் எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். மாஸ்டர், "சார், இன்னைக்கு நீங்க பந்தி பக்கம் வரக்கூடாது" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பலகையில் உட்கார்ந்தோம். கலசத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்கள். எத்தனையோ பேரை அந்தப் பலகையில் உட்காரவைத்து, "கொஞ்சம் குளிரும் சார், அவ்வளவுதான்" என்று சொல்லியிருக்கிறேன். கொஞ்சமெல்லாம் இல்லை. தை மாதக் காலைத் தண்ணீர் முதுகெலும்பு வரை போகிறது. இத்தனை வருடமாக அத்தனை வயதானவர்களிடமும் நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

நடுங்கும்போதும் வழக்கப்படி கலசங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று. ஒரு முறை கை தானாக இடுப்புக்குப் போனது. ஈர வேட்டி மட்டும் இருந்தது. மரகதம் பார்த்துவிட்டாள்.

"அடிக்குதா?" என்றாள், பல் தந்தியடிக்க.

"இல்லை."

"எனக்கும் கேட்கலை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கில் வழிந்தது. பெண் பார்க்கப் போன அன்று காப்பியைத் தட்டோடு என் மேல் கொட்டிவிட்டு இப்படித்தான் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பு வந்திருக்கும், நிறையத் தடவை வந்திருக்கும். நான் தூணுக்குப் பின்னால் இருந்திருப்பேன். கலசம் எத்தனையாவது என்பது விட்டுப்போயிற்று. திரும்ப எண்ணவில்லை.

தாலி கட்டினேன். மூன்றாவது முடிச்சை மகள் போட வந்தாள், நானே போட்டுவிட்டேன்.

சாப்பாடெல்லாம் முடிந்து மூன்று மணிக்கு மேல் பொறுக்கவில்லை. தை மாதம், பொங்கலுக்கு ஊருக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு நாள் பார்க்கும் நேரம். வழக்கமாக அந்த நாட்களில் என் இடுப்பு சுட்டுக்கொண்டிருக்கும். மகளின் போனை வாங்கி ரேவதியைக் கூப்பிட்டேன். மரகதம் எதிரில் வெற்றிலை மடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நல்லபடியா முடிஞ்சுதுங்களாய்யா? அம்மா எப்படி இருக்காங்க?"

"முடிஞ்சுது அம்மா. போன் ஏதாவது வந்துதா?"

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ கேட்டது. "இரு சாமி" என்றாள் அதனிடம். பிறகு என்னிடம்:

"நிறைஞ்சிருக்குங்கய்யா."

எங்கள் ஊர் வார்த்தையாகச் சொன்னாளா, அவள் ஊர் வார்த்தையாகச் சொன்னாளா தெரியவில்லை. கேட்க வாயைத் திறந்தேன். மரகதம் வெற்றிலையை அதில் வைத்துவிட்டாள்.